சுவருக்கு வெளியே எழுந்த கோயில்

வடசென்னை செல்லும் பேருந்துகளின் முகப்பில் 'ராயபுரம்' என்னும் பெயரை நாம் நாள்தோறும் காண்கிறோம். நாம் ஏற வேண்டிய வண்டிதானா என்று அறிவதற்காகவே அதைப் படிக்கிறோம். அப்பெயருக்குள் ஒரு திருத்தூதர் இருக்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் பாட்டன் பாட்டிமார் கையில் வைத்திருந்த பழைய செபப் புத்தகங்களைப் புரட்டினால் பேதுரு என்ற பெயர் அரிதாகவே கண்ணில் படும். அங்கே அவர் இராயப்பர். பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், அந்திரேயா பெலவேந்திரர். தமிழ்க் கத்தோலிக்கர் திருத்தூதர்களைத் தம் வீட்டுப் பெரியவர்களைப் போல 'அப்பர்' என்று அழைத்து வந்த காலம் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நிறைவுற்ற பின்னர் வழிபாட்டுத் தமிழ் மாறத் தொடங்கியது. 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தபோது பேதுரு, பவுல், யோவான் என்னும் வடிவங்களே நம் நாவிலும் நிலைபெற்றன. இன்று மறைக்கல்வி வகுப்பில் இராயப்பர் யார் என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளே மிகுதி.

ஆயினும் நாம் ஒதுக்கி வைத்த அப்பெயரை இந்நகரம் விடவில்லை. இராயப்பர் கோயிலைச் சூழ்ந்த ஊர் இராயபுரமாயிற்று என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். இந்துவும் இசுலாமியரும் பார்சியும் கிறிஸ்தவரும் ஒரே பெயரால் அவ்வூரைச் சுட்டுகின்றனர். இத்தனை பேர் நாவில் ஒரு புனிதரின் பெயரை ஏற்றிவைத்தவர்கள் யார்? ஆயர்கள் அல்லர், ஆளுநர்களும் அல்லர். கும்பெனியாரின் கப்பல்களுக்குப் படகோட்டிய கடலோர மக்கள். அவர்களுடைய கோயிலின் கதையை இக்கட்டுரையில் நினைவுகூர விழைகிறோம்.

சுவரும் புறநகரும்

1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் கால் வைத்துக் கோட்டை எழுப்பினர். கோட்டைக்கு வடக்கே நெசவாளரும் வணிகரும் குடியேறிய பகுதி 'கறுப்பர் நகரம்' எனப்பட்டது. பின்னாளில் அது ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது. ஐதர் அலியின் படைகள் 1769-இல் சென்னையின் வாயில்வரை வந்து அச்சுறுத்திச் சென்ற பின்னர், இந்நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் உயர்ந்த மதிற்சுவர் எழுப்பப்பட்டது. அச்சுவருக்காக வரி விதிக்க எண்ணியதன் நினைவாகவே இன்றும் 'வால்டாக்ஸ் சாலை' இருக்கிறது. வடக்குச் சுவரில் எஞ்சிய ஒரு பகுதியின்மேல் 'மாடிப் பூங்கா' அமைந்துள்ளது.

சுவர் என்பது கல்லும் சுண்ணாம்பும் மட்டுமன்று. யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் அது வரையறுக்கிறது. உள்ளே பண்டகசாலைகளும் வணிகர் மாளிகைகளும் இருந்தன. இராயபுரம் அச்சுவருக்கு வெளியே, வடக்கே, கடலோரத்தில் இருந்தது. உப்புக்காற்றும் மணலும் மீன்வலையும் உள்ள புறநகர் அது. பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782-இல் தோன்றிய மணியக்காரர் சத்திரமும் இப்புறத்திலேயே அமைந்தது. அதை ஒட்டி வளர்ந்த மருத்துவப் பணியே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு வேர். 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்னும் பழம்பெயர் முதியோர் வாயில் இன்னும் ஒலிக்கிறது. நகரம் தனக்குத் தேவையான உழைப்பாளரையும், கண்முன் வைத்திருக்க விரும்பாத ஏழைகளையும் சுவருக்கு வெளியே வைத்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

சுவருக்குள் கத்தோலிக்க வழிபாடு முன்னரே வேரூன்றியிருந்தது. 1642-இல் பெகு நாட்டுக்குச் செல்லும் வழியில் வந்த கப்புச்சின் துறவி எஃப்ரேமை ஆங்கிலேயரே சென்னையில் தங்குமாறு வேண்டினர். அவர் தொடங்கிய பணியே பின்னர் ஆர்மீனியன் தெருவின் தூய மரியன்னை ஆலயமாகத் தழைத்தது. தெற்கே சாந்தோமில் 1606 முதல் மறைமாவட்டம் இருந்தது. இவ்விரண்டும் பெரிய பெயர்கள். வரலாற்று நூல்களில் இடம்பெற்றவை. புறநகர்க் கோயிலின் வரலாறோ அதை எழுப்பிய மக்களின் தொழிலோடு பின்னியது. எனவே அத்தொழிலை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆணியில்லாத படகு

சென்னைக்குக் கடல் இருந்தது, துறைமுகம் இல்லை. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே வரிசை வரிசையாக எழுந்து உடையும் அலைகள் இருந்தன. ஐரோப்பியக் கப்பல்களின் சிறு படகுகள் அவ்வலைகளில் சிக்கினால் நொறுங்கிவிடும். அவற்றைக் கடக்க வல்லது இக்கரையின் மசூலாப் படகு ஒன்றே.

அப்படகின் அமைப்பு வியக்கத்தக்கது. அதில் இரும்பாணி இல்லை. பலகைகள் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டன. இடுக்குகளில் வைக்கோல் அடைக்கப்பட்டது. அலை தூக்கி மணலில் அறையும்போது விறைப்பான படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்து மீளும். பின்புறத்தில் நீண்ட துடுப்போடு நிற்கும் தண்டல் அலையைக் கணித்துக் குரல் கொடுப்பார்; துடுப்பு வலிப்போர் பாட்டோடு அதற்கு ஈடுகொடுப்பர். படகின் அருகே கட்டுமரங்களும் செல்லும். எவரேனும் கடலில் விழுந்தால் பாய்ந்து மீட்பது கட்டுமரத்தாரின் பொறுப்பு. உயிர் காத்தவர்க்குப் பதக்கம் வழங்கும் வழக்கமும் கும்பெனியாரிடம் இருந்தது. கடல் கொந்தளிக்கும்போது கப்பலுக்குக் கடிதம் கொண்டு செல்வதும் கட்டுமரத்தாரே. ஓலையால் முடைந்த தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்து அவர்கள் நீந்திய செய்தியைப் பயணிகள் பலர் எழுதியுள்ளனர்.

ஆளுநரும் நீதிபதியும் படைவீரரும் மறைபணியாளரும் ஒருவர் தவறாமல் இம்மக்களின் தோளையும் துடுப்பையும் நம்பியே சென்னை மண்ணில் இறங்கினர். நம் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து கூலிகளாகச் சென்ற ஏழைத் தமிழரும் அவ்வாறே. 1860 அக்டோபரில் நேட்டால் நாட்டுக்கு முதல் தமிழ்த் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டபோதும், கரையில் படகேறி அலை கடந்துதான் கப்பலேற வேண்டியிருந்தது. ஊரைவிட்டுப் போனவர்களின் கண்ணில் இறுதியாகப் பட்ட தாயகத்து முகங்கள் இப்படகோட்டிகளின் முகங்களாகவே இருந்திருக்கும்.

இவ்வளவு இன்றியமையாத பணி செய்தும் அவர்கள் தம் விருப்பப்படி படகோட்டவில்லை. 'மாஸ்டர் அட்டெண்டண்ட்' எனப்பட்ட கும்பெனியின் துறை அதிகாரியே படகுகளை ஆண்டார். புயல் அறிகுறி தென்பட்டால் கொடியேற்றிப் படகுகளைத் தடுப்பதும் அவர் பொறுப்பு. அவர்களின்றிக் கும்பெனியின் வணிகம் ஒரு நாளும் நடவாது. ஆனால் கும்பெனியின் கணக்கில் அவர்கள் வெறும் 'படகு மக்கள்'.

தங்களுக்கென ஒரு திருத்தூதர்

இப்படகு மக்களுள் கத்தோலிக்க மறையைத் தழுவியோர் தம்மைக் 'குருகுல வம்சத்தார்' என்று அழைத்துக்கொண்டனர். இராயபுரத்தில் அவர்கள் எழுப்பிய கோயிலை 1825-ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். பாதுகாவலராக அவர்கள் யாரைத் தேர்ந்தனர் என்பதிலேயே அவர்களின் மனம் தெரிகிறது.

கலிலேயக் கடலில் இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் சோர்ந்த சீமோனை நாம் நற்செய்தியில் காண்கிறோம். தம் படகை ஆண்டவருக்குப் பிரசங்க மேடையாகக் கொடுத்தவர் அவர். நீரின்மேல் நடக்கத் துணிந்து, காற்றைக் கண்டு அஞ்சி, மூழ்கத் தொடங்கியவரும் அவரே. கடலோடு பழகாத நமக்கு இவை மறையுரைச் செய்திகள். நாள்தோறும் அலையைக் கடந்தவர்க்கோ இவை தொழிலின் அனுபவங்கள். அவர்களுக்கு இராயப்பர் உரோமையின் முதல் திருத்தந்தையாக மட்டும் தோன்றவில்லை. துடுப்புப் பிடித்துக் கை காய்த்த ஒருவராகவும் தோன்றினார். ஆகவே அவரைத் தம்மவராக்கிக் கொண்டனர்.

அரசன் ஒருவனின் மானியத்திலோ, வெளிநாட்டுப் பெருஞ்செல்வர் ஒருவரின் கொடையிலோ எழுந்த கோயில் அன்று இது. உழைத்து உண்போரின் வருவாயில் எழுந்தது. வருவாயில் ஒரு சிறு பகுதியை 'மகமை' என்று ஒதுக்கிப் பொதுப்பணிக்கும் கோயிலுக்கும் அளிப்பது தமிழகத்தின் வணிகரிடமும் கடலோர மக்களிடமும் ஊறிய நல்வழக்கம். அலையை வென்று ஈட்டிய காசில் ஆண்டவருக்குப் பங்கு வைக்கும் மனம் கொண்டவர்களே இக்கோயிலை எழுப்பினர்.

பணத்தை மட்டும் எண்ணினால் அவர்கள் செய்ததன் முழுப்பொருள் விளங்காது. சுவருக்கு வெளியே வைக்கப்பட்ட மக்கள் தாங்கள் இருந்த இடத்தையே ஒரு ஊராக்கினர். கும்பெனியின் பதிவேட்டில் பெயரற்றுக் கிடந்தோர் தங்கள் புனிதரின் பெயரால் ஓர் இடத்துக்குப் பெயர் சூட்டினர். அதிகாரிகள் பலர் தெருக்களுக்கும் பாலங்களுக்கும் தம் பெயரை இட்டுச் சென்றனர். அவற்றுள் பல இன்று மாற்றப்பட்டுவிட்டன. படகோட்டிகளின் இராயப்பர் பெயரோ மாறவில்லை.

இரு ஆட்சிகளின் நடுவே

கோயில் எழுந்த காலம் சென்னைக் கத்தோலிக்கருக்கு அமைதியான காலம் அன்று. மயிலை மறைமாவட்டம் போர்த்துகீசிய அரசின் 'பதுருவாதோ' என்னும் உரிமைக்கு உட்பட்டிருந்தது. ஆயர்களை முன்மொழியும் உரிமை அவ்வரசனிடம் இருந்தது. மறுபுறம், கப்புச்சின் துறவியரின் பணித்தளங்கள் உரோமையின் விசுவாசப் பரப்புப் பேராயத்தின் கீழ் இயங்கின. 1832-இல் சென்னைக்குத் தனியாகத் திருத்தூதரக ஆட்சிப்பகுதி நிறுவப்பட்டது. 1834-இல் அயர்லாந்து நாட்டு ஆயர் டேனியல் ஓகானர் அதற்கு நியமிக்கப்பட்டார். 1838-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் மயிலை உள்ளிட்ட இடங்களில் போர்த்துகீசிய உரிமையை நிறுத்திவைத்தார். ஆனால் அவ்வாணையைப் பலர் ஏற்கவில்லை. ஒரே நகரில் இரு ஆட்சிகள், ஒரே தெருவில் இரு தரப்புக் குருக்கள் என்னும் நிலை நீடித்தது.

1857, 1886 ஆகிய ஆண்டுகளில் உரோமைக்கும் போர்த்துகலுக்கும் இடையே உடன்படிக்கைகள் ஏற்பட்டன. 1886-இல் மயிலை மறைமாவட்டம் மீண்டும் நிலைபெற்றது. சென்னை தனி உயர்மறைமாவட்டமாயிற்று. 1950-இல் போர்த்துகல் தன் பழைய உரிமைகளைக் கைவிட்டது. 1952-இல்தான் இரண்டும் இணைந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் உருவாயிற்று; பேராயர் லூயி மத்தியாஸ் அதன் முதல் தலைவரானார். ஆக, இராயபுரத்துக் கோயில் எழுந்த நாளிலிருந்து நூற்றாண்டுக்கு மேலாக இந்நகரின் கத்தோலிக்கர் யாருக்குக் கீழ்ப்படிவது என்னும் கேள்வியோடே வாழ்ந்தனர்.

இதை நாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? மேலிடத்தில் ஆட்சி மாறிக்கொண்டிருந்தபோது கீழே விசுவாசத்தைக் காத்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்ப்பதற்காகவே. குருக்கள் மாறினர், ஆயர்கள் மாறினர், ஆணைகளும் மாறின. திருநாளுக்குக் கொடியேற்றியவர்கள், சாவு வீட்டில் செபம் சொன்னவர்கள், பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் கற்பித்த தாய்மார்கள் மாறவில்லை. நிலையற்ற ஆட்சியின் நடுவே கோயிலைத் தாங்கியது அம்மக்களின் உறுதியே. அதே உறுதி, 'இது எங்கள் கோயில்' என்னும் உணர்வையும் ஆழமாக வேரூன்றச் செய்தது. அவ்வுணர்வின் நன்மையையும் தீமையையும் பின்னர்ப் பார்ப்போம்.

இருப்புப்பாதையும் துறைமுகமும்

1856-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள் ஆளுநர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் இரயில் நிலையத்தைத் திறந்துவைத்தார். சூலை 1 முதல் அங்கிருந்து வாலாசா ரோடு வரை இரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதைப் பயணம் இப்புறநகரிலிருந்தே புறப்பட்டது. உள்நாட்டிலிருந்து பலவகைத் தொழிலாளர் வந்து குடியேறினர். மீனவரும் படகோட்டிகளும் வாழ்ந்த இடம் பல குலத்தாரும் பல மொழியினரும் வாழும் இடமாயிற்று. 1910-இல் பார்சிகளின் நெருப்புக் கோயிலும் இங்கே எழுந்தது.

நிலத்தில் இரயில் வந்தது. கடலில் துறைமுகம் வந்தது. 1861-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட இரும்புத் துறைமேடையை 1868, 1872 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் சிதைத்தன. பின்னர் 1876-ஐ ஒட்டிக் கடலுக்குள் இரு பெரும் அலைதடுப்புச் சுவர்கள் கட்டும் பணி தொடங்கியது. அதே ஆண்டில் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. கடல்வழி வந்த தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலையெனக் குவிந்து கிடந்ததைக் காட்டும் ஒளிப்படங்கள் உள்ளன. உள்நாட்டில் மக்கள் பட்டினியால் மடிய, கரையில் தானியம் இறங்கியது. அதை அலை கடந்து சுமந்ததில் படகோட்டிகளின் கைகளும் இருந்தன.

1881 நவம்பரில் வீசிய புயல், முடியும் தறுவாயில் இருந்த துறைமுகத்தைச் சிதைத்தது. ஆயினும் பணி விடப்படவில்லை. 1890-களில் துறைமுகம் ஓரளவு நிறைவுற்றது. 1904 முதல் பொறுப்பிலிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதன் நுழைவாயிலை வடகிழக்குக்கு மாற்றிப் புதுத் துறைமேடைகளையும் அமைத்தார். கப்பல்கள் கரையை ஒட்டியே நின்றன. சரக்குகள் படகின்றி இறங்கத் தொடங்கின.

நகரம் மகிழ்ந்தது, மகிழ்வதற்குக் காரணமும் இருந்தது. அலையில் கவிழ்ந்து மாண்டோர் எண்ணற்றோர், அச்சாவுகள் நின்றன. ஆனால் இராயபுரத்தில் ஒரு தொழில் செத்தது. அலையைக் கணிக்கும் தண்டலின் கண்ணுக்கும், ஆணியின்றிப் படகு தைக்கும் கைக்கும் விலை இல்லாமற்போயிற்று. தலைமுறை தலைமுறையாய்க் கற்ற கலை ஒரு தலைமுறைக்குள் பயனற்றதானது. சிலர் துறைமுகத்திலேயே கூலிகளாயினர். சிலர் மீன்பிடிப்பை நம்பினர். சிலர் கல்வியின் வழியே வேறு பணிகளுக்குச் சென்றனர்.

துறைமுகம் மற்றொன்றையும் செய்தது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் கடல்நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே இழுத்துச் செல்லும். அலைதடுப்புச் சுவர் அம்மணலை மறித்தது. தெற்கே மணல் குவியக் குவிய மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமையால் இராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது. கற்களைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டிய நிலை வந்தது. வடசென்னையில் அவ்வேலை தொடர்கதையாயிற்று. நாம் மாலையில் காற்று வாங்கும் மெரினாவின் மணலில் இராயபுரத்துக்கு வரவேண்டிய மணலும் கலந்திருக்கிறது. நகரின் ஒரு பகுதி பெறும் வசதிக்கு மற்றொரு பகுதி விலை கொடுப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எவருடைய கோயில்?

தொழில் போயிற்று, கரையும் தேய்ந்தது, கோயில் நின்றது. தொழிலால் ஒன்றாயிருந்த மக்களை ஒன்றாகப் பிடித்துவைக்க இனிக் கோயில் மட்டுமே எஞ்சியது. அதனால் அதன்மேல் அவர்கள் கொண்ட பற்று கூடியதில் வியப்பில்லை. பங்கில் புதிதாகக் குடியேறியோர் பெருகினர். பங்கு என்பது ஒரு குலத்தைச் சார்ந்ததன்று, ஒரு நிலப்பரப்பில் வாழும் விசுவாசிகள் அனைவரையும் உள்ளடக்கியது என்பது திருச்சபையின் பொதுச்சட்டம். கட்டியவர்களின் வழித்தோன்றல்களோ, 'எங்கள் முன்னோரின் வியர்வையில் எழுந்த கோயிலை ஆளும் உரிமை எங்களதே' என்றனர். கோயில் நிர்வாகம் பற்றிய இவ்வழக்கு நீதிமன்றப் படிகளையும் ஏறியது.

எந்தத் தரப்புக்கும் தீர்ப்பு வழங்க நாம் இங்கு முற்படவில்லை. இரு தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையே சொல்ல விரும்புகிறோம். கட்டியவர்களை மறந்துவிட்டு, 'எல்லாம் திருச்சபையின் சொத்து' என்று கணக்குப் புத்தகத்தை மூடிவிடுவது நன்றி மறத்தலாகும். ஆயர் இல்லாத நாளிலும், இரு ஆயர்கள் இருந்த நாளிலும் விளக்கேற்றி வைத்தவர்கள் அவர்கள். அவர்களின் பெயரையும் உழைப்பையும் சொல்லாமல் அக்கோயிலின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

அதே வேளையில், ஒரு குலத்தின் பெருமை மற்றொருவருக்குக் கதவாகவும் தாழ்ப்பாளாகவும் மாறுமானால் அங்கே கத்தோலிக்கம் என்னும் சொல்லின் பொருளே குறைகிறது. அச்சொல்லுக்குப் பொதுமை என்பது பொருள் அன்றோ! சுவருக்கு வெளியே நின்றவர்கள் எழுப்பிய கோயில் அது. அதற்குள் புதிய சுவர் ஒன்று எழுமானால், எழுப்பியவர்களின் அனுபவமே வீணாகிவிடும். இராயப்பர் தம் படகைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கரையில் கூடியிருந்த மக்கள் இறைவாக்கைக் கேட்பதற்காக அதைக் கொடுத்தார். படகு அவருடையது என்பதை அங்கிருந்த எவரும் மறுக்கவுமில்லை.

நினைவின் உரிமை ஒன்று. உடைமையின் உரிமை மற்றொன்று. முன்னது கட்டியவர்களுக்கு என்றும் உரியது. அதை எவரும் பறிக்கலாகாது. பின்னது பீடத்தைச் சூழ்ந்து நிற்கும் அனைவருக்கும் பொதுவானது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் இடங்களில்தான் நம் பங்குகள் பலவற்றில் பூசல் முளைக்கிறது. முன்னோரைச் சிறப்பிக்க மறுக்கும் நிர்வாகம் வழக்கை விதைக்கிறது. முன்னோரின் பெயரால் பிறரை ஒதுக்கும் குலம் அவ்வழக்குக்கு நீர் வார்க்கிறது. இராயபுரத்தின் கதை இராயபுரத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் வாசகர் தத்தம் பங்குகளை எண்ணிப் பார்த்தாலே உணர்வர்.

நம் கடன்

இன்று இராயபுரம் புறநகர் அன்று. விரிந்துவிட்ட மாநகரின் நெரிசலான நடுப்பகுதிகளுள் ஒன்று. சற்று வடக்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் அணிவகுத்து நிற்கின்றன. பழைய இரயில் நிலையக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. மசூலாப் படகுகள் இல்லை. அவற்றைத் தைத்த கைகளும் இல்லை. ஆனால் சூன் 29-இல் இராயப்பர், சின்னப்பர் திருநாள் ஆண்டுதோறும் வருகிறது.

பங்கு வரலாறு என்றால் பங்குத்தந்தையர் பட்டியலும், எந்த ஆண்டில் எந்தத் தூண் எழுந்தது என்னும் குறிப்பும் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நூற்றாண்டு விழா மலர்களைப் புரட்டுங்கள். ஆயர்களின் வாழ்த்துரைகளும் கட்டட நிதிக்கு நன்கொடை தந்தோர் பெயர்களும் பக்கம் பக்கமாக இருக்கும். அப்பங்கின் மக்கள் என்ன தொழில் செய்தனர், எந்தப் பஞ்சத்தில் எதைத் தின்று பிழைத்தனர், எந்த மாற்றத்தில் எதை இழந்தனர் என்பது ஒரு வரியாவது இருக்குமா? மக்களை விட்டுவிட்டு எழுதும் வரலாறு கட்டடத்தின் வரலாறாக மட்டுமே இருக்கும்.

1563-இல் நிறைவுற்ற திரிதெந்தின் சங்கம் ஒவ்வொரு பங்கிலும் திருமணப் பதிவேடு வைக்க வேண்டும் என்று பணித்தது; திருமுழுக்குப் பதிவேட்டையும் வலியுறுத்தியது. அந்தக் கட்டளையின் பயனாக, அரசு ஏடுகளில் தலைக்கணக்காக மட்டும் இருந்த எளியவர்களும் நம் கோயில் ஏடுகளில் பெயரோடு இருக்கிறார்கள். தந்தை பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் என்று ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பம். அவ்வேடுகள் பல இடங்களில் கரையான் அரித்தும் ஈரத்தில் ஒட்டியும் கிடக்கின்றன. அவற்றைப் பேணுவது குருவின் வேலை என்று நாம் ஒதுங்கி நிற்கலாகாது. பங்குப் பேரவை இருக்கிறது. படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக் காக்கும் கருவி இன்று நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஏடுகளுக்கு அப்பால் முதியவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் திண்ணையில் அமர்ந்திருக்கும் அவர்களிடம், உங்கள் தாத்தா என்ன வேலை செய்தார் என்று ஒருவர் கேட்டாலே போதும். பங்கின் உண்மையான வரலாறு அங்கே தொடங்கிவிடும். அடுத்த திருநாளுக்குள் ஒரு முதியவரிடமேனும் நாம் அக்கேள்வியைக் கேட்போமாக.

இராயபுரத்தைக் கட்டியவர்கள் எழுதி வைத்தது சிறிது. விட்டுச்சென்றது ஒரு கோயில், ஓர் ஊர்ப்பெயர். நெரிசலான பேருந்தில் படியோரம் நின்று நடத்துநர் 'ராயபுரம், ராயபுரம்' என்று கூவுகிறார். அவர் எந்தச் சமயத்தவராயினும் ஆகுக. கலிலேயாவின் ஒரு மீனவரையும், அவரைத் தம்மவராக்கிக்கொண்ட சென்னைப் படகோட்டிகளையும் அவர் தம்மை அறியாமலே நாள்தோறும் பெயர் சொல்லி அழைக்கிறார். அறிந்து அழைக்க வேண்டியவர்கள் நாம்.